பெண்கள் போட்டியில் திருநங்கைகள்: மைதான வாங்கிலில் என்னிடம் கேட்கப்பட்டவை

திருகோணமலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் போட்டிகளுக்கு நேரம் எடுக்கவும், நீளம் பாய்தலில் அளவு நாடா பிடிக்கவும் கூப்பிடுவார்கள். 2024 ஓகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டைக் காட்சி எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் சுற்றியது. அன்று தொடங்கியது, மக்கெய்சர் மைதானத்து வாங்கிலில் போய் உட்கார்ந்தால் போதும், திருநங்கைகள் பெண்கள் போட்டியில் விளையாடலாமா என்று யாராவது வந்து கேட்பார்கள். பெற்றோர், பழைய மாணவிகள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவரும் பயிற்றுநர்கள் என்று எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். இரண்டு மூன்றில் இருந்த வசைச் சொற்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

1. சேர், திருநங்கை எண்டா சரியா யாரு? பாரிஸ்ல குத்துச்சண்டை வெண்டவவும் அப்பிடித்தானே?

பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து, பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. சிலர் ஓமோன் சிகிச்சை எடுப்பார்கள், சிலர் சத்திரசிகிச்சையும் செய்துகொள்வார்கள், சிலர் இரண்டும் செய்வதில்லை.

பாரிஸில் 66 கிலோ பிரிவில் தங்கம் வென்ற அல்ஜீரியாவின் இமான் கெலிஃப் திருநங்கை அல்ல. பிறந்த அன்றே பெண் என்று பதியப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்தவர். அவருடன் மோதிய இத்தாலியின் அஞ்சலா கரினி 46 செக்கனில் ஆட்டத்தை விட்டு இறங்கியதும் உலகம் முழுக்க ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். 2023இல் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் ஒரு பரிசோதனையைக் காரணம் காட்டி அவரையும் தாய்வானின் லின் யூ-டிங்கையும் உலகப் போட்டியிலிருந்து விலக்கியிருந்தது உண்மை. அந்தப் பரிசோதனையை ஒலிம்பிக் குழு ஏற்கவில்லை என்பதும் உண்மை. அங்கே எழுந்த கேள்வி அடுத்த பதிலில் வரும் வகை.

2. அப்ப பிறவியில வித்தியாசம் உள்ள ஆக்கள் வேற, திருநங்கை வேறயா?

வேறு. இந்த ஒரு இடத்தில்தான் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிவிடுகின்றன. சிலருக்குக் கருவிலேயே பால் வளர்ச்சி வழக்கத்துக்கு மாறாக நடக்கும். வெளித்தோற்றத்தைப் பார்த்து மருத்துவிச்சி பெண் என்று சொல்லியிருப்பார். பிள்ளையும் பெண்ணாக வளரும். ஆனால் நிறமூர்த்தம் ஆண்களுக்கு வழக்கமான எக்ஸ்-வை ஆகவும், உள்ளே விதைகள் இருப்பதாகவும் பிறகு தெரியவரலாம். பலருக்கு இது தெரியவருவதே ஒரு போட்டிப் பரிசோதனையில்தான்.

தென்னாபிரிக்காவின் 800 மீற்றர் ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமென்யா இந்த வகை. இவர்கள் எவரும் ஆணிலிருந்து பெண்ணாக மாறவில்லை. நான் இந்தப் பக்கத்தில் திருநங்கை என்று எழுதும்போது முதல் பதிலில் சொன்னவர்களை மட்டுமே சொல்கிறேன்.

3. பொம்பிளையளுக்கு ஏன் தனிப் போட்டி? சமத்துவம் எண்டா எல்லாரும் ஒண்டா ஓடலாம்தானே?

நேரக் கணிப்பான் பிடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பதினொரு வயதில் பெண்பிள்ளைகள் பெடியன்களை முந்தி ஓடுவது சாதாரணம். 14 வயதில் அது அரிது. 16இல் இல்லையென்றே சொல்லிவிடலாம். இடையில் நடப்பது பருவமடைதல். ஆண்பிள்ளையின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஓமோன் பெருகி, எலும்பு நீள்கிறது, தோள் விரிகிறது, தசை கூடுகிறது, இதயம் பெருக்கிறது, இரத்தத்தில் ஈமோகுளோபின் ஏறுகிறது. வளர்ந்த ஆணின் இரத்தத்தில் இந்த ஓமோன் லீற்றருக்கு ஏறக்குறைய 8 முதல் 29 நனோமோல் வரை இருக்கும். பெண்ணில் பெரும்பாலும் 2க்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி.

அந்த இடைவெளி அப்படியே சாதனைப் பட்டியலில் தெரியும். 100 மீற்றரில் உசைன் போல்ட் 9.58 செக்கன், ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜொய்னர் 10.49. உயரம் பாய்தலில் சொட்டோமேயர் 2.45 மீற்றர், உக்ரைனின் மஹூச்சிக் 2.10. பாரம் தூக்குவதில் வித்தியாசம் இன்னும் கூட. அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ் 400 மீற்றரில் உலகச் சம்பியனாக இருந்தவர். அவருடைய வாழ்நாள் சிறந்த நேரமான 49.26 செக்கனை 2017 என்ற ஒரே வருடத்தில் ஆண்களும் பெடியன்களுமாக 15,000 தடவைக்கு மேல் முறியடித்திருந்தார்கள். நம் சுசந்திகா சிட்னி ஒலிம்பிக்கில் ஓடிய 22.28 செக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிடைத்த வெண்கலம், மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தில் பிடிபட்ட பிறகு வெள்ளியானது. அந்த 200 மீற்றர் நேரத்தைப் பாடசாலைப் பெடியன்கள் தேசிய மட்டத்தில் முந்துவது புதினமல்ல. பொதுப்போட்டி மட்டுமே இருந்திருந்தால் சுசந்திகா என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. 1992 பார்சலோனாவில் ஆணும் பெண்ணும் கலந்த ஸ்கீட் துப்பாக்கி சுடுதலில் சீனப் பெண் ஷாங் ஷான் தங்கம் எடுத்தார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியை ஆண்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள், பெண்களுக்கு வேறு போட்டியும் வைக்கவில்லை. யாரைப் பாதுகாத்தார்களோ!

4. ஓமோனைக் குறைக்க மாத்திரை இருக்காமே. குறைச்சா சமனாகிடும்தானே?

பாதி சரி. டெஸ்டோஸ்டிரோனை அடக்கினால் ஈமோகுளோபின் நான்கு மாதத்துக்குள் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை அப்படி இல்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி ஒரு வருடம் அடக்கினாலும் தசையும் பலமும் குறைவது ஏறக்குறைய 5 வீதம்தான். எலும்பின் நீளமும் உயரமும் இறங்காது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

அமெரிக்க விமானப் படையில் சேவையில் இருந்த திருநங்கைகளின் உடற்தகுதிப் பதிவேடுகளை வைத்தும் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருடச் சிகிச்சைக்குப் பிறகு கை ஊன்றி எழும் பயிற்சியில் இருந்த வித்தியாசம் போய்விட்டது. ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் மற்றப் பெண்களைவிட 12 வீதம் வேகமாகவே இருந்தார்கள். 2024இல் ஒலிம்பிக் குழுவின் பணத்தில் நடந்த ஆய்வில் வேறொன்று தெரிந்தது: விளையாடும் திருநங்கைகளின் கைப்பிடிப் பலம் பெண்களைவிடக் கூட, ஆனால் உடல் எடைக்கு ஏற்ற பாய்ச்சலும் ஒட்சிசன் கொள்ளளவும் அவர்களைவிடக் குறைவு. பெரிய உடலைச் சிறிய இயந்திரத்தால் இழுப்பது போன்ற நிலை.

ஆகவே முழுதாகப் போய்விடுகிறது என்பவரும் சரியில்லை, எதுவுமே மாறாது என்பவரும் சரியில்லை. இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆட்கள் குறைவு, உச்ச மட்ட வீராங்கனைகள் அதிலும் குறைவு. என் பார்வையில், மிச்சமிருக்கும் அனுகூலம் 100 மீற்றரில் முதலாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது.

5. அப்ப இப்ப எந்த விளையாட்டில என்ன சட்டம்?

ஒரு காலத்தில் ஒலிம்பிக் குழுவே ஒரு விதி வைத்திருந்தது. 2003இல் சத்திரசிகிச்சை கட்டாயம். 2015இல் அதை எடுத்துவிட்டு, டெஸ்டோஸ்டிரோன் ஒரு வருடமாக லீற்றருக்கு 10 நனோமோலுக்குக் கீழே இருந்தால் போதும் என்றார்கள். 2021 நவம்பரில் ஒவ்வொரு விளையாட்டுச் சம்மேளனமும் தன் விதியைத் தானே தீர்மானிக்கட்டும் என்று கையை விரித்தார்கள்.

சம்மேளனங்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. நீச்சல் 2022 யூனில், மெய்வல்லுநர் 2023 மார்ச்சில், சைக்கிள் ஓட்டம் 2023 யூலையில். ஆணாகப் பருவமடைந்தவர் சர்வதேசப் பெண்கள் போட்டியில் பங்குபற்ற முடியாது என்பதுதான் சாராம்சம். கிரிக்கெட்டில் கனடாவுக்காக டானியல் மக்கஹே 2023 செப்டெம்பரில் சர்வதேச ரி20 ஆடினார். இரண்டு மாதத்தில், நவம்பரில், ஐ.சி.சி. அதே விதியைக் கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் அதிகம் ஆடும் வலைப்பந்தாட்டத்தில் 2024இல் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இவை சர்வதேச மட்ட விதிகள். உதாரணமாக, உள்நாட்டுப் போட்டிகளை அந்தந்த நாட்டுச் சபையே தீர்மானிக்கலாம் என்று ஐ.சி.சி. விட்டிருக்கிறது. 15ஆம் கேள்விக்கு இது தேவைப்படும்.

6. இதுவரைக்கும் எத்தனை திருநங்கையள் ஒலிம்பிக் பதக்கம் எடுத்திருக்கினம்?

பெண்களின் தனிநபர் போட்டியில் ஒருவரும் இல்லை. நியூசிலாந்தின் லோரல் ஹபார்ட் டோக்கியோவுக்குப் போனார், பாரம் தூக்குதலில், 43 வயதில். மூன்று முயற்சியும் தவறி, பட்டியலில் இடமில்லாமல் திரும்பினார். அதே டோக்கியோவில் கனடாவின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் தங்கம் வென்ற குவின், பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டவர். தன்னைப் பெண் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர் விடயத்தில் அனுகூலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்க நீச்சல் வீராங்கனை லியா தோமஸ். 2022இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான 500 யார் போட்டியில் முதலாவதாக வந்தார். அதே தொடரில் 200 யாரில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்தார், 100 யாரில் எட்டாவது. முதலாவதாக வந்த நேரமும் கேட்டி லெடெக்கியின் சாதனையைவிட 9 செக்கன் பின்னே. இரண்டு பக்கத்தாரும் இந்த ஒரே ஆளைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர் இரண்டாம் பாதியை.

7. பதக்கத்துக்காக ஆம்பிளையள் பொம்பிளை வேசம் போட்டு வரமாட்டாங்களா?

வரமாட்டார்கள். வருடக்கணக்கில் ஓமோன் எடுத்து, வீட்டையும் ஊரையும் பகைத்து, பெயரை மாற்றி, கடைசியில் மாவட்ட மட்டத்தில் ஒரு சான்றிதழ் வாங்க யார் வருவான்? அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத் தலைவர் 2024 டிசெம்பரில் அவர்களுடைய பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு: ஏறக்குறைய 510,000 வீரர்களில், தனக்குத் தெரிந்து, மாறிய பாலினத்தவர் பத்துப் பேருக்கும் குறைவு. நியாயமான கேள்வி நேர்மையாக மாறியவர்களைப் பற்றியது. வேசக் கதையைக் கொண்டுவருவது அதை அவமதிப்பாக்குகிறது.

8. தர்ஜினிக்கு ஆறடி பத்து அங்குலம். அதுவும் அநியாயம்தானே? அவவை ஏன் தடுக்கேல்ல?

நல்ல கேள்வி. கேட்டது ஒரு பன்னிரண்டாம் ஆண்டு மாணவி. யாழ்ப்பாணத்து வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீற்றர். வலையடியில் அவர் நின்றால் எதிரணிக் காப்பாளர்கள் என்ன பாய்ந்தாலும் பந்து அவர் கைக்கே வரும். 2018இல் ஆசியக் கிண்ணம் வந்ததில் அந்த உயரத்துக்குப் பெரிய பங்கு.

என் பதில் இது. விளையாட்டு எல்லா அனுகூலத்தையும் நீக்கப் பார்ப்பதில்லை. பிரிவு எதற்காகப் பிரிக்கப்பட்டதோ அந்த அனுகூலத்தை மட்டும் நீக்கப் பார்க்கிறது. 50 கிலோ குத்துச்சண்டைப் பிரிவில் நீண்ட கை உள்ளவர் வரலாம், 60 கிலோ உள்ளவர் வரமுடியாது. 14 வயதுக்குட்பட்ட ஓட்டத்தில் கால் நீண்ட பிள்ளை ஓடலாம், 17 வயதுப் பிள்ளை ஓடக்கூடாது. பெண்கள் பிரிவு உயரத்துக்காகப் பிரிக்கப்படவில்லை, ஆண் பருவமடைதலுக்காகப் பிரிக்கப்பட்டது. தர்ஜினி பெண்களுக்குள் உயரமானவர். அது பிரிவுக்கு உள்ளே இருக்கும் வித்தியாசம்.

அந்தப் பிள்ளை விடவில்லை. “அப்ப செமென்யாவும் பிறவியில வந்ததுதானே சேர்?” என்றாள். அங்கேதான் எனக்கும் இடறுகிறது. 10ஆவது பதிலைப் பாருங்கள்.

9. பிறப்புச் சான்றிதழிலயும் அடையாள அட்டையிலயும் பெண் எண்டு மாத்தினா ஓடலாம்தானே?

இலங்கையில் 2016 முதல் அதற்கு வழி உண்டு. சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி மனநல வைத்தியர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் தருவார். அதைக் கொண்டு பதிவாளரிடம் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம், பிறகு அடையாள அட்டையையும். ஆண் அல்லது பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குத்தான்.

ஆனால் சட்டத்தின் பெண் வேறு, சம்மேளனத்தின் பெண்கள் பிரிவு வேறு. வங்கியில், வேலையில், கடவுச்சீட்டில் அந்தச் சான்றிதழ் போதும். உலகத் தரவரிசைக்குக் கணக்கெடுக்கும் ஓட்டத்தில் போதாது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குப் படவில்லை. சட்டப்படி 18 வயது ஆகிவிட்டது என்பதால் மட்டும் ஒருவர் 60 கிலோ பிரிவில் சேர முடியாதே, எடையையும் பார்ப்பார்களே.

10. ஏன் இவ்வளவு பிரச்சினை? எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தா முடிஞ்சுதே.

அறுபது வருடமாக எடுத்துப் பார்க்கிறார்கள், முடியவில்லை. 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை வைத்தியர்கள் முன் ஆடையில்லாமல் நடக்கவிட்டார்கள். 1968 மெக்சிகோவில் கன்னத்தின் உட்புறம் துடைத்து நிறமூர்த்தம் பார்த்தார்கள். 1985இல் ஸ்பெயினின் தடைதாண்டல் வீராங்கனை மரியா ஹொசே மார்ட்டினெஸ் பட்டினோவுக்கு அந்தப் பரிசோதனையில் வை நிறமூர்த்தம் தெரிந்தது. அவருடைய உடலோ ஆண் ஓமோனுக்கு மசியவே மசியாத உடல். எந்த அனுகூலமும் இல்லை. பட்டங்களையும் உதவிப்பணத்தையும் பறித்தார்கள். திரும்ப ஓட அனுமதி வாங்க மூன்று வருடம் ஆனது. 1996 அட்லாண்டாவில் எட்டுப் பெண்களுக்கு எஸ்.ஆர்.வை. மரபணு (வழக்கமாக வை நிறமூர்த்தத்தில் இருந்து ஆண் வளர்ச்சியைத் தொடக்கிவைப்பது) தெரிந்தது, விசாரித்துவிட்டு எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். அதன் பிறகு ஒலிம்பிக் குழு எல்லோருக்கும் பரிசோதனை என்பதையே கைவிட்டது.

நமக்கு இன்னும் கிட்டிய கதை புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன். 2006 டோஹா ஆசிய விளையாட்டு, 800 மீற்றர், வெள்ளி. சில நாட்களில் பால் பரிசோதனையில் தவறினார் என்று செய்தி; பதக்கம் போய்விட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை. ஊருக்குத் திரும்பிய பிறகு செங்கல் சூளையில் வேலை செய்தார். ஊக்கமருந்து எடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை, தன் உடலுக்குள் இருப்பது அவருக்கே தெரியாது. அந்தச் செய்தியை நம் வீடுகளிலும் தொலைக்காட்சியில் பார்த்தோம், நாங்களும் சிரித்தோம்தான்.

பிறகு இந்திய ஓட்ட வீராங்கனை டுட்டி சந்த் 2015இல் சுவிட்சர்லாந்தின் லோசான் விளையாட்டுத் தீர்ப்பாயத்தில், இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடிய பெண்களைத் தடுத்த அந்தக் கால ஓமோன் விதியை நிறுத்தி வைக்கச் செய்தார். பிறகு வந்த அதுபோன்ற விதியை எதிர்த்துப் போன செமென்யா 2019இல் அங்கே தோற்றார். மூன்று நடுவர்களில் இருவர், விதி பாரபட்சமானதுதான், ஆனாலும் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவை என்றார்கள். 2025 யூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருடைய வழக்கைச் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் முறையாக விசாரிக்கவில்லை என்றது. விதி சரியா பிழையா என்று அது சொல்லவில்லை.

இப்போது சக்கரம் திரும்ப வந்திருக்கிறது. 2025 செப்டெம்பர் 1 முதல் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் பெண்கள் பிரிவுக்கு எஸ்.ஆர்.வை. பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவை கட்டாயமாக்கியது. டோக்கியோ உலகப் போட்டிக்கு அதைச் செய்துவிட்டே போனார்கள். குத்துச்சண்டையிலும் அதே வருடம் வந்தது. பட்டினோ போன்றவர்களுக்கு இம்முறை விலக்கு வைத்திருக்கிறார்கள். 1990இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த அவுஸ்திரேலிய விஞ்ஞானி அன்ட்ரூ சின்கிளேயரே, மரபணு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பால் என்ன என்று சொல்லாது என்று எதிர்த்தார். கன்னத்தைத் துடைப்பதில் வலி ஒன்றும் இல்லை. முடிவு வந்த பிறகு அந்தப் பிள்ளையோடு யார் உட்கார்ந்து பேசுவது என்பதுதான் என் பயம்.

11. திருநங்கையருக்கெண்டு தனிப் பிரிவு வச்சா எல்லாருக்கும் நல்லம்தானே?

வைத்துப் பார்த்தார்கள். 2023 ஒக்டோபரில் பெர்லினில் நடந்த நீச்சல் உலகக் கிண்ணத்தில் திறந்த பிரிவு என்று அறிவித்தார்கள். ஒருவரும் பதியவில்லை. ஆட்கள் எவ்வளவு குறைவு என்று 7ஆவது பதிலில் பார்த்தோம். அதில் நிற்பதே தன்னைப் பற்றி உலகத்துக்கு அறிவிப்பதாகவும் ஆகிவிடுகிறது. உச்ச மட்டத்தில் இது தீர்வு மாதிரித் தோன்றும் வெறும் அறிவிப்பு. கீழ் மட்டத்தில், கடற்கரை ஓட்டம் மாதிரியான பொது நிகழ்வுகளில், “எல்லோருக்கும்” என்று ஒரு வரிசை வைப்பது நல்லதுதான். அதற்கு எந்தச் சம்மேளனத்தின் அனுமதியும் தேவையில்லை.

12. பொம்பிளையா இருந்து ஆணா மாறினவைக்கு?

ஆண்கள் பிரிவில் போட்டியிடலாம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் பட்ரீசியோ மனுவேல் 2018இல் ஆண்களுக்கு எதிராக வென்றார். டெஸ்டோஸ்டிரோன் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால் மருத்துவ விலக்குப் பத்திரம் எடுக்க வேண்டும். இதைப் பற்றி வாங்கிலில் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

13. சதுரங்கத்திலயும் தடையாமே? காய் தள்ள என்ன தசை?

2023 ஓகஸ்ட்டில் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் திருநங்கைகளைப் பெண்கள் போட்டியிலிருந்து நிறுத்தியது, மேலும் ஆராயும்வரை என்று சொல்லி. ஆணாக மாறியவர்களின் பெண்கள் பட்டங்களையும் எடுத்துவிட்டது. 3ஆவது பதிலில் சொன்ன காரணம் எதுவும் இங்கே பொருந்தாது. சதுரங்கத்தில் பெண்கள் பிரிவு இருப்பது ஆடும் பெண்கள் குறைவு என்பதற்காக, அவர்களை இழுத்து வருவதற்காக. எனக்கு அந்தத் தடை விளங்கவில்லை. ஓட்டத்தில் சொன்னதைப் பார்த்து எழுதினதாகவே படுகிறது.

14. ஆணாப் பருவமடைய முதலே சிகிச்சை எடுத்த பிள்ளை எண்டா? அதுக்கு அனுகூலமே இல்லைத்தானே?

மூதூர்ப் பக்கத்துத் தாதி ஒருவர் கேட்டது. நீச்சல் விதி இதற்கு ஒரு சிறு வாசல் வைத்தது: பருவமடைதலின் ஆரம்பப் படியைத் தாண்டவில்லை என்று, அல்லது 12 வயதுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டதாகக் காட்டினால் போதும். மெய்வல்லுநரில் 2023 விதியும் பருவமடைதலைத்தான் கேட்டது. 2025 விதி மரபணுவைக் கேட்கிறது. அந்த வாசல் மூடிவிட்டது.

சம்மேளனத்தின் குழு சொன்ன காரணம், பருவமடைய முன்பே ஓட்டத்தில் 3 முதல் 5 வீத வித்தியாசம் இருக்கிறது என்பது. இருக்கலாம். ஆனால் பத்து வயதுப் பெடியன் கூடுதலாக ஓடித் திரிவதும் பெண்பிள்ளை வீட்டு வேலையில் நிற்பதும் அந்த 3 வீதத்துக்குள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? நம் ஊரில் பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் வரும். இந்தக் கதவை மூடியதை நான் ஏற்கவில்லை.

15. சரி சேர், சுத்தி வளைக்காம சொல்லுங்க. நீங்க எந்தப் பக்கம்? எங்கட இல்ல விளையாட்டில அப்பிடி ஒரு பிள்ளை வந்தா?

பதக்கமும் தெரிவும் உதவிப்பணமும் தீர்மானிக்கப்படும் மட்டத்தில், ஆணாகப் பருவமடைந்து முடித்தவர் பெண்கள் பிரிவில் நிற்கக் கூடாது என்பவர்கள் பக்கம் நான். 3ஐயும் 4ஐயும் எழுதிய கை வேறு எதையும் எழுத முடியாது. இதைச் சொன்னதற்காக என்னோடு கதைக்காமல் விட்ட பழைய மாணவி ஒருத்தி உண்டு. அவளுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது; அவளுக்குத் தெரிந்த திருநங்கைகளுக்கு வேலையே கிடைப்பதில்லை, அவர்கள் ஒலிம்பிக் கேட்கவில்லை.

இல்ல விளையாட்டு வேறு. அது மாசி வெயிலில் மஞ்சளும் நீலமுமாகப் பந்தல் கட்டி, பாண்ட் வாத்தியத்தோடு அணிநடை போட்டு, எல்லாப் பிள்ளையும் ஏதோ ஒன்றில் ஓடவேண்டும் என்பதற்காக வைப்பது. அங்கே ஒரு பிள்ளை வந்தால் ஓடட்டும். வலய மட்டத்துக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு பெண்பிள்ளையின் இடம் போகுமென்றால், அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு விதியைச் சொல்லுங்கள். ஓட்ட வரிசையில் நிற்கும்போது சொல்லாதீர்கள். அஞ்சலோட்டம், கரப்பந்து, எல்லே என்று கலந்து விளையாடக்கூடியவை எத்தனையோ உண்டு. உச்சத்துக்கு வைத்த விதியைத் தூக்கிவந்து கீழே பிள்ளைகளின் தலையில் போடுவது சோம்பேறித்தனம்.

16. என்ட மகளுக்குக் கட்டைத் தலைமயிர், குரலும் தடிப்பு. போன முறை அவள் வெல்லக்குள்ள பந்தலுக்குள்ள இருந்து ஆரோ ‘பெடியன், பெடியன்’ எண்டு கத்தினாங்க. நான் என்ன செய்ய?

இந்த அம்மாவின் கேள்விக்காகத்தான் மிச்சம் எல்லாவற்றையும் எழுதினேன் என்றாலும் பிழையில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் இதே சத்தம் கேட்டது. 800 மீற்றரில் முதலாவதாக வந்த மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை. எதிர்ப் பாடசாலைப் பெற்றோர் கத்த, பொறுப்பில் இருந்தவர்கள் இரண்டு ஆசிரியைகளோடு அவளை ஓர் அறைக்கு அனுப்பிப் ‘பார்த்துவிட்டு’ வரச் சொன்னார்கள். 1966 புடாபெஸ்ட் நம் ஊரில். அவள் பெண்பிள்ளைதான். சான்றிதழைக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவள் வரவில்லை. நேரக் கணிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன்.

ஆகவே சொல்கிறேன், கேளுங்கள். பாடசாலைப் போட்டியில் எந்த நடுவருக்கும் பிள்ளையின் உடலைப் பார்க்க உரிமை இல்லை. பிறப்புச் சான்றிதழையும் வயதையும் பார்க்கலாம், அவ்வளவுதான். அவற்றின் பிரதியைக் கோவையில் வைத்திருங்கள். ஆட்சேபணை இருந்தால் அணிப் பொறுப்பாசிரியர் எழுத்தில் கொடுக்க வேண்டும். பந்தலிலிருந்து கத்துவது ஆட்சேபணை அல்ல. யாராவது அறைக்குக் கூப்பிட்டால் மகளை அனுப்பாதீர்கள், நீங்களும் எழும்பிப் போகாதீர்கள், தலைமை நடுவரை அங்கேயே வரச் சொல்லுங்கள். மகளிடம் மயிர் வளர்க்கச் சொல்ல வேண்டாம்.

அடுத்த போட்டி அன்று காலையில் என்னைத் தேடுங்கள். நீளம் பாய்தல் குழிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.